பட்டாணி அளவு

சிகாகோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, பிப்ரவரி.
ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகினாலும்
ஏரிக்காற்று அதைப் படித்துவிட்டு உள்ளே வரும்.
ஏழாம் எண் கட்டிலில் ஆல்டோனா, வயது ஆறு.
முழங்கால் இரண்டும் வேகவைத்த பீட்ரூட்.
கரண்டி பிடிக்க விரல் மடங்காது.
போர்வையின் பாரமும் தாங்காதென்று
கம்பி வளைத்து அவள்மேல் ஒரு கூடாரம் போட்டோம்.
ஆஸ்பிரின் காதுக்குள் மணி அடித்தது,
அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

கார்ட்டிசோன் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு
வரிசையில் காத்திருங்கள் என்று பதில்.
கடைசியில் வந்தது அதுவல்ல,
அதைச் சுரக்கச் சொல்லி உடம்பை உசுப்பும் இன்னொன்று.
பன்றியின் மூளைக்கடியில் தொங்கும்
பட்டாணி அளவுச் சுரப்பியிலிருந்து எடுத்தது.
ஒரு சின்னப் பெட்டி. இருபத்து மூன்று நாளைக்கு வரும்.
டாக்டர் ஹால்வர்சன்
பெட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஒரு தரம் ஊசி.
இரவு இரண்டு மணி ஊசி என்னுடையது.

மூன்றாம் நாள் காலை
சட்டைப் பொத்தானை அவளே போட்டுக்கொண்டாள்,
ஒரு துளை தள்ளி.
யாரும் திருத்தவில்லை.
ஐந்தாம் நாள்
வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி
சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.
டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் பசி.
கஞ்சி, ரொட்டி, பக்கத்துக் கட்டில் பையனின் உருளைக்கிழங்கு,
அதைப் பறித்ததற்கு ஒரு சண்டை,
சண்டைக்குப் பின் அழுகை, அழுகைக்குப் பின் மறுபடியும் ரொட்டி.
நள்ளிரவில் கண் கொட்டாமல்
மேற்கூரை விரிசல்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை, இரண்டிலிருந்து மூன்று வரை பார்வை நேரம்:
வந்த தாய் ஏழாம் கட்டிலைத் தாண்டி நடந்து போனாள்.
மகளின் குரல்தான் அவளைத் திருப்பியது.

நிலாமுகம் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
காதலன் சொன்னால் அது புகழ்ச்சி.
இங்கே, எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடுவில்
இன்னொரு வரி.

இருபத்து நான்காம் நாள் பெட்டி காலி.
சாவி மட்டும் டாக்டர் கழுத்தில் இருந்தது, பழக்கத்தால்.
இருபத்தேழாம் நாள் இடது முழங்கால் சிவந்தது.
அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.
"இன்று ஊசி ஏன் வரவில்லை?" என்று கேட்டாள்.
ஊசிக்கு ஏங்கிய குழந்தையை
அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

செவ்வாய் இரவு, பார்வை நேரம் இல்லாத நேரம்,
அவள் தந்தை ஃபெலிக்சாஸ் பின்வாசலில் நின்றார்.
கசாப்புக்கூடத்தில் தலை பிளக்கும் மேசை அவருக்கு.
நகக்கண்ணில் இன்னும் ரத்தம்,
கோட்டில் பனி.
கைக்குட்டையை என் மேசைமேல் வைத்து
முடிச்சை அவிழ்த்தார்.
வெளிர்சிவப்பாய், ஈரமாய், ஒரு பட்டாணி.

"மேஸ்திரி எண்ணித்தான் வாங்குவார்," என்றார்.
"இன்று ஒன்று குறைந்தது.
எங்கள் மேசையிலிருந்துதானே போகிறது அது?
இதை அவளுக்குக் கொடுங்கள்."

நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று நான் சொல்லவேண்டும்.
ஆலை வேண்டும், அமிலம் வேண்டும், வடிகட்டவேண்டும்,
இதிலிருந்து ஒரு துளிகூட வராது என்று.
எல்லாம் எனக்குத் தெரியும்.
நாக்கு எழவில்லை.
"சரி" என்றேன்.
தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

பால் புட்டிகளுக்குப் பின்னால்
கண்ணாடிக் குப்பியில் அதை வைத்தேன்.
வியாழக்கிழமை மேற்பார்வையாளர் குளிர்பெட்டியைத் திறந்து
இது என்ன என்று கேட்டார்.

ஏழாம் கட்டிலுக்கான மருந்து என்றேன்.
அவர் லேபிள் ஒட்டச் சொன்னார்.
ஒட்டினேன்.